ஐஸ் பெட்டியில் வைத்த சாவி

அந்தப் போன் விளையாட்டில் வரும் பெண்ணுக்கு இரட்டைச் சடை, மஞ்சள் கவுன். அவள் வீட்டில் ஃபிரிட்ஜ் உண்டு, வாசலில் ஆப்பிள் மரம் உண்டு, தெருவெல்லாம் நிழல் உண்டு. தண்ணீர் மட்டும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கிடையாது. பசியாவரத்தில் பிறந்த எனக்கு அதுதான் முதலில் உறைத்தது. எங்கள் ஊர் ஏரிக்கு நடுவில் இருக்கும் தீவு. அப்போதெல்லாம் ஒரு தீப்பெட்டி தீர்ந்தாலும் பழவேற்காட்டுக்குப் படகு ஏற வேண்டும். தண்ணீரே இல்லாத ஊரில் இந்தப் பெண் எதைப் பிடித்துத் தின்பாள் என்று கவலைப்பட்டேன். அவள் ஆப்பிள் தின்றாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சர்க்கரை வியாதி என்றால் தொப்பை வைத்தவர்களுக்கும் தலை நரைத்தவர்களுக்கும் வருவது என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. அது, துடைப்பக்குச்சி மாதிரி இருந்த எனக்கு வந்துவிட்டது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்து வீடு திரும்பியபோது இரண்டு பொருள் கூட வந்தன. ஒன்று, ஊசி மருந்துக் குப்பி. இன்னொன்று, அம்மாவின் போனில் இந்த விளையாட்டு. பிள்ளைகளுக்கு நோயைப் புரியவைக்க வந்திருந்த ஓர் அக்கா அதைப் போனில் ஏற்றிக் கொடுத்தார். நாங்கள் சொன்னது மறந்துபோனாலும் இது மறக்காமல் சொல்லும் என்றார்.

சொல்லத்தான் செய்தது. போனைத் திறந்தால் ஒரு பெண்குரல், எங்கள் ஊரில் யாருமே பேசாத தமிழில், "உங்கள் தோழிக்குப் பசிக்கிறது, அவளுக்கு உணவளியுங்கள்" என்று கெஞ்சும். இட்லியையோ ஆப்பிளையோ விரலால் இழுத்து அவள் வாயில் வைத்தால், அப்படியே அவள் உடம்புக்குள் போய்விடலாம். உள்ளே ஒரு நீளத் தெரு. இரண்டு பக்கமும் வீடுகள், எல்லாக் கதவும் பூட்டியிருக்கும். சாப்பிட்டது சர்க்கரை உருண்டைகளாகி அந்தத் தெருவில் உருண்டு வரும். ஊசி போட்டால் சாவிகள் வரும். சாவியை எடுத்துக் கதவைத் திறந்தால் உருண்டைகள் வீட்டுக்குள் போகும், வீட்டில் விளக்கு எரியும், அவள் எழுந்து ஓடுவாள். சாவி இல்லாவிட்டால் தெரு முழுக்கச் சர்க்கரை குவிந்து கிடக்கும், வீட்டுக்குள் இருப்பவர்கள் பட்டினி கிடப்பார்கள். கடைசியில் இரட்டைச் சடை தரையில் படுத்துவிடுவாள்.

டாக்டர் அரைமணி நேரம் விளக்கியது புரியாத எனக்கு இது ஒரே மத்தியானத்தில் புரிந்துபோனது. என் உடம்பில் சாவி செய்கிற ஆள் இல்லை. ஆகவே வெளியிலிருந்து சாவி வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

முதல் சில நாட்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் என்னைச் சுற்றித்தான் இருந்தார்கள். என் மேல் பாசம் என்றில்லை, போன் மேல். இரட்டைச் சடைக்கு வேண்டுமென்றே சாக்லேட்டாக ஊட்டி அவளை விழவைத்துக் கெக்கலி கொட்டினார்கள். அப்புறம் அலுத்துவிட்டது. கார் ஓட்டுகிற விளையாட்டு இல்லையா, சுடுகிற விளையாட்டு இல்லையா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் கூட்டம் கலைந்தது. ஒருத்தியின் அம்மா, "அதும் பக்கத்துல குந்தாதடி, ஒட்டிக்கினா இன்னா பண்றது?" என்று மகளை இழுத்துக்கொண்டு போனாள். ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை என்று விளையாட்டிலேயே ஒரு பக்கம் வருகிறது. அதை யாருக்குக் காட்டுவது? அதன் பிறகு நானும் இரட்டைச் சடையும்தான்.

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. இருந்தாலும் கரண்ட் வரும் நேரம் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க ஆஸ்பத்திரியில் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். பெரிய மண்பானையில் ஈர மணல், அதற்குள் சின்ன மண்பானை, அதற்குள் குப்பி. மாசி, பங்குனி வரை அப்படித்தான் இருந்தது. நானும் நன்றாகத்தான் இருந்தேன். ஓடினேன், நண்டு பிடித்தேன், பள்ளிக்கூடத்துக்குப் படகில் போனேன்.

சித்திரை வெயில் வந்ததும் நைனாவுக்கு, என் அப்பாவுக்கு, பானை மேல் நம்பிக்கை போய்விட்டது. கையை உள்ளே விட்டுப் பார்த்தார். "இது இன்னா குளிர்ச்சி? மணலே சுடுது. மருந்து கெட்டுப்பூடும்" என்றார்.

நைனாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏரியில் இறால் பிடிக்கிறவர் அவர். பிடிப்பதைவிட ஐஸ் போடுவதில்தான் அவருக்குப் பேர். ஐஸை எந்த அளவுக்கு உடைப்பது, அடியில் எவ்வளவு, மேலே எவ்வளவு, எங்கே கல்லுப்பு தூவுவது, எப்படி ஈரச்சாக்கு போட்டு மூடுவது என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். பழவேற்காட்டு ஏலத்தில் அடுத்தவர் இறாலை மோந்து பார்த்து எடுக்கும் வியாபாரிகள், நைனாவின் பெட்டியை மட்டும் மோந்து பார்க்காமல் எடுப்பார்கள். ஐஸில் வைத்தது கெடாது. இது எங்கள் ஊரில் வேதவாக்கு. மீனோ, இறாலோ, சில சமயம் தொலைவிலிருந்து பிள்ளைகள் வந்து சேரும்வரை பிணமோ, எதுவாக இருந்தாலும் ஐஸ்தான் காப்பாற்றும்.

அதனால் மறுநாளே ஒரு தெர்மாகோல் பெட்டி வீட்டுக்கு வந்தது. நொறுக்கிய ஐஸ், மேலே கல்லுப்பு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, டப்பாவுக்குள் என் குப்பி. ஏற்றுமதிக்குப் போகும் இறாலுக்குக்கூட அவர் அத்தனை பக்குவம் பார்த்ததில்லை.

காலையில் அதை வெளியே எடுத்துத் தருவதும் அவர்தான். வலைக்குப் போய்த் திரும்பியதும் கையைக் கழுவி, லுங்கியில் துடைத்து, பெட்டியைத் திறந்து குப்பியை எடுப்பார். உடனே தர மாட்டார். மருந்து ஜில்லென்று உள்ளே போனால் எனக்கு வலிக்குமாம். குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மூடிக்கொண்டு, வாசலில் குந்தி, ஏரியைப் பார்த்தபடி இருப்பார். உப்பும் கயிறும் தின்ற கை. மரப்பலகை மாதிரி இருக்கும், ஆனால் அடுப்புப் பக்கத்தில் வைத்த பலகை. அம்மா கஞ்சி வடித்து முடிக்கும்வரை அப்படியே வைத்திருந்து, "இந்தாம்மே, இப்போ சூடாய்ச்சி" என்று நீட்டுவார். நான் ஊசி போட்டுக்கொள்ளும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். காலில் ஏறிய கெளுத்தி முள்ளைப் பல்லால் கடித்துப் பிடுங்குகிற மனுஷன் அவர். நாளெல்லாம் தனியாகவே கிடந்த எனக்கு அந்தக் கொஞ்ச நேரம்தான் துணை. அதற்காகவே ஊசியை எதிர்பார்த்துக் காத்திருப்பேன் என்றால் யாராவது நம்புவார்களா?

கொஞ்ச நாளில் எனக்குத் தாகம் திரும்பி வந்தது. குடத்து நீரைக் குடித்துவிட்டு அடுத்த குடத்தைப் பார்த்தேன். ஓயாமல் ஒன்றுக்குப் போனேன். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. விரலில் குத்திப் பார்க்கிற மிஷினில் அளவு ஏறிக்கொண்டே போனது. அம்மாவுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. "எங்கடி துன்ன? யார் வூட்டுல துன்ன?" என்றாள்.

"நான் எதுவும் துன்னலம்மா."

"உன் கேம்லயே காமிக்கிறான்ல? இனிப்பு துன்னா வுழுந்துடுவாள்னு? அப்புறம் இன்னா?"

எனக்கு இருந்த ஒரே தோழி எனக்கு எதிராகச் சாட்சி சொன்னாள். இனிப்புத் தின்றால் விழுவாள், சாவி வராவிட்டாலும் விழுவாள். அம்மாவுக்கு முதல் பாதி போதுமாக இருந்தது. சர்க்கரை டப்பா பரணுக்கு ஏறியது. பெட்டிக்கடையில் எனக்கு மிட்டாய் கொடுக்கக் கூடாது என்று சொல்லியாயிற்று. பிறகு ஊர் முழுக்கக் காவல்தான். கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றிய அன்று, பின்னால் நின்ற சின்னப்பிள்ளைக்குக் கொடுப்பதற்காக ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலைக் கையில் வாங்கினேன். ஓர் அத்தை ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக் கிண்ணத்தைப் பிடுங்கினார். "நோயை வெச்சிக்கினு நாக்கை அடக்க முடியல பாரு" என்றார். எல்லாரும் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள். அழுதால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அழாமல் நின்றேன். அந்த வைராக்கியம் இன்றும் என்னிடம் இருக்கிறது, பல இடத்தில் எனக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

அம்மா மீன் விற்றுத் திரும்பியதும் போனை வாங்கிக்கொண்டு படகுத்துறைக்குப் போய்விடுவேன். கரையில் கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் உட்கார்ந்து விளையாடுவேன். என்ன தப்பு செய்கிறேன் என்று கண்டுபிடிக்கத்தான். இரட்டைச் சடைக்கு நான் சாப்பிடுகிற அளவே ஊட்டினேன், நான் போட்டுக்கொள்கிற நேரத்துக்கே ஊசி போட்டேன். அவள் குதித்து ஓடினாள். எனக்கோ படகுத்துறையிலிருந்து வீட்டுக்கு நடக்க மூச்சு வாங்கியது. ஒருநாள் எரிச்சல் தாங்கவில்லை. அவளுக்கு ஊட்டிக்கொண்டே இருந்தேன், ஊசியே போடவில்லை. தெரு நிறைந்தது, விளக்குகள் அணைந்தன, அவள் படுத்துவிட்டாள். "உங்கள் தோழி சோர்வாக இருக்கிறாள், உதவுங்கள்" என்றது குரல். உதவவில்லை. இப்போது இரண்டு பேரும் ஒன்று என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தேன். அணைத்த பிறகு ரொம்பப் பயமாக இருந்தது.

அன்று சாயந்திரம் சொன்னேன். "சாவி வேல செய்யலம்மா."

"சாவியாம் சாவி. வாயைத் தொறந்தா பொய்யி" என்றாள் அம்மா.

நைனா வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாம்மே சொல்ற? மருந்து வேல செய்யலன்றியா?"

"ஆமா நைனா. போட்டுக்கினாலும் கதவு தொறக்க மாட்டேங்குது."

அவர் அம்மாவிடம் திரும்பினார். "அது பொய் சொல்லாதுமே. வெயில்ல மருந்து கெட்டுக்கினு போகுது போல" என்றார். எழுந்து போனார். திரும்பி வந்தபோது தோளில் பழையதைவிடப் பெரிய ஐஸ் பாளம், கையில் ஒரு படி கல்லுப்பு. பெட்டியைக் காலி செய்து புதிதாக அடுக்கினார். டப்பாவின் மேலேயும் ஐஸ் போட்டு அமுக்கினார். ஊரிலேயே என்னை நம்பிய ஒரே ஆள் அவர்தான். நம்பியதால் ஐஸைக் கூட்டினார்.

அதற்கப்புறம் நான் சீக்கிரமே விழுந்துவிட்டேன். அன்று எங்களுக்குப் பாட்டு நாள். ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்று சீட்டு எடுத்து முறை வைத்திருப்பார்கள், அதைத்தான் பாடு என்போம். முறை வந்த நாளை விட்டால் விட்டதுதான், அடுத்த முறை சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் நைனா ஏரிக்குள் இருந்தார், அம்மா பழவேற்காட்டுச் சந்தையில் இருந்தாள். வெயில் ஏற ஏற எனக்கு வாந்தி வந்தது. வயிற்றைப் பிசைந்தது. ஓடாமலே ஓடியவள் மாதிரி மூச்சு இரைத்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடக் குரல் எழும்பவில்லை. தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டேன். உள்ளே விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவது தெரிந்தது. விளையாட்டில் பார்த்ததால் என்ன நடக்கிறது என்று எனக்கு அப்பட்டமாகத் தெரிந்தது, பக்கத்தில் யாரும் இல்லை. தெரியாமல் இருந்திருந்தால் கொஞ்சம் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் ஓடிய ஆட்டுக்குட்டியைத் துரத்தி வந்த ஒரு பெரியம்மா என்னைப் பார்த்துக் கூச்சல் போட்டிருக்கிறார். யாரோ கரையிலிருந்து துண்டை வீசிக் காட்டினார்கள். நைனா வலையைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வந்தார். பாட்டு நாளில் வலையை விட்டு வந்த ஆளை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. என்னைத் தூக்கிப் படகில் போட்டார். திரும்ப வீட்டுக்குள் ஓடி, ஐஸ் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். மருந்து அதில்தானே இருக்கிறது. வழியெல்லாம் என் தலைமாட்டில் அந்தப் பெட்டி கசிந்துகொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் கையில் குளுக்கோஸ் பாட்டில் மாதிரி ஏதோ ஏற்றி, புது மருந்து போட்டார்கள். எனக்குக் கண் திறந்தபோது நைனா சுவரோரம் நின்றிருந்தார், ஈர லுங்கி, இடுப்பில் இறுக்கிய துண்டு. ஒரு நர்ஸ் கேட்டார். "மருந்தை எங்கப்பா வெக்கிறீங்க?"

"ஐஸ்லதாம்மா" என்றார் நைனா. பெட்டியைத் திறந்து காட்டினார். அந்த நேரத்திலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "ஒரு நாளு ஐஸ் தீர்ந்ததில்ல. உப்பு போட்டுத்தான் வெக்கிறேன்."

நர்ஸ் டப்பாவைத் திறந்து குப்பியை எடுத்துக் கவிழ்த்தார். உள்ளே எதுவும் அசையவில்லை. கல்லாக உறைந்திருந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உறைஞ்சா இதுல ஒண்ணும் இருக்காதுப்பா. உருகினாலும் சரியாகாது. நீங்க வெறும் தண்ணியைப் போட்ட மாதிரிதான்" என்றார். திட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். திட்டியிருக்கலாம்.

நைனா குப்பியைக் கையில் வாங்கினார். பழக்கதோஷத்தில் இரண்டு உள்ளங்கையும் அதை மூடிக்கொண்டன. அப்போதுதான் அவருக்கு முழுசாக விளங்கியிருக்க வேண்டும். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. அது உறைவதை நாங்கள் ஒருநாளும் பார்க்காமல் போனதற்குக் காரணம், தினமும் அவர் கைச்சூட்டில் உருக்கித் தந்ததுதான். குப்பியைக் கட்டில் விளிம்பில் வைத்துவிட்டு வெளியே போனார். சாயந்திரம் வரை உள்ளே வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் மண்பானை திரும்பி வந்தது. அம்மா ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை, எங்கள் ஊர் அம்மாக்களுக்கு அது பழக்கமில்லை. அடுத்த திருவிழாவில், அந்த அத்தை பார்க்கும்படியாக, என் கையில் ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல் வைத்து, "துன்னு" என்றாள். அதுவே போதுமாக இருந்தது.

நைனா என் மருந்தைத் தொடுவதை நிறுத்திவிட்டார். பானைப் பக்கமே வர மாட்டார். காலையில் நானே எடுத்து, நானே கையில் வைத்து, நானே போட்டுக்கொண்டேன். என் கை சின்னது, எப்போதும் சில்லென்று இருக்கும். அவர் வேறு பக்கம் திரும்பி வலை உதறுவார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பார். நான் பிழைத்தேன், ஆனால் அந்தக் காலை நேரம் போய்விட்டது. அதைக் கேட்டு வாங்க எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு தடவை, எங்களுக்குப் பாடு இல்லாத ஒரு மத்தியானம், படகு நிழலில் அம்மாவின் போனோடு அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். இரட்டைச் சடைக்கு ஊசி போட முயன்றுகொண்டிருந்தார். காய்ப்பு விழுந்த விரலை அந்தப் போன் ஒத்துக்கொள்ளவில்லை. அழுத்துகிறார், சாவி நகரவில்லை. விரலை லுங்கியில் துடைக்கிறார், திரும்ப அழுத்துகிறார். அவள் படுத்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் போனை நீட்டினார்.

"எல்லாத்தையும் காமிக்கிறான். அந்தச் சாவியை எங்க வெக்கிறதுனு மட்டும் எங்கயுமே காமிக்கலியேம்மே."

அவள் வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தது நைனா, அதனால் காட்டவில்லை என்று சொல்ல நினைத்தேன். போனை வாங்கி அவளை எழுப்பி நிறுத்திவிட்டு, பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது எனக்குச் சென்னையில் வேலை, ஹாஸ்டலில் வாசம். அங்கே ஃபிரிட்ஜ் இருக்கிறது. என் குப்பி யாரோ ஒருத்தியின் தயிருக்கும் யாரோ ஒருத்தியின் ஃபேஸ் பேக்குக்கும் நடுவில் நிற்கிறது. அதை எடுத்து, கட்டிலில் உட்கார்ந்து, கைக்குள் வைத்துக்கொள்வேன். அறையில் மூன்று பேர் இருந்தாலும் அந்த நேரத்தில் யாரும் இல்லாத மாதிரிதான் இருக்கும். அந்த விளையாட்டு புதுப் போன்களில் வேலை செய்வதில்லை. பழைய போன் எங்கோ செத்துக் கிடக்கிறது. இரட்டைச் சடை அதற்குள் நிற்கிறாளோ, படுத்திருக்கிறாளோ.

போன மாதம் ஊருக்குப் போனேன். பொன்னேரியில் பஸ் ஏறி, திருப்பாலைவனம் தாண்டும்வரை மடியில் பை, பைக்குள் குப்பி, ஜன்னல் வெயில் முழுக்க என் மேல். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து குப்பியை வெளியே எடுத்தபோது அதில் குளிர்ச்சி என்று சொல்ல எதுவும் இல்லை. நைனா வாசலில் வலைக்குப் பக்கத்தில் இருந்தார். தலை நிறைய நரைத்திருந்தது. எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, அவர் முன்னால் போய்க் குந்தினேன். குப்பியை நீட்டினேன்.

"நைனா, ஜில்லுனு இருக்குது. அப்டியே போட்டுக்கினா வலிக்கும்."

அவர் குப்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையை லுங்கியில் ஒருமுறைக்கு இரண்டு முறை துடைத்துவிட்டு வாங்கினார். தொட்ட உடனே அவருக்குத் தெரிந்திருக்கும், ஐஸ் போட்டே பேர் வாங்கிய கை அது. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து மூடிக்கொண்டு ஏரிப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே அம்மா கஞ்சி வடிக்கும் சத்தம் கேட்டது. அவள் வடித்து முடித்துச் சட்டியை நிமிர்த்தும்வரை அப்படியே இருந்தார்.

"இந்தாம்மே, இப்போ சூடாய்ச்சி" என்றார்.